படிவத்தில் எந்தப் பயிரை எழுதினீர்கள்? மவுன்ட் எட்ஜ்கோம் உரப் பரிந்துரைச் சேவை: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் கரும்பை அழித்துவிட்டு பீன்ஸ், கத்தரி, கொத்தமல்லி என்று மாறுகிற சிறு தோட்டங்களில் ஒரே மாதிரி ஒரு புகார் கேட்கிறது: "மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம், சுண்ணாம்பு தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள், பீன்ஸ் மஞ்சளாய் நிற்கிறது." தாளை வாங்கிப் பார்த்தால் மேலே பயிர் என்ற கட்டத்தில் கரும்பு என்றிருக்கும். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. கரும்புக்குத் தேவையில்லை என்றுதான் சொன்னது.

இந்த மதிப்பீடு முழுக்க அந்த ஒரு கட்டத்தைச் சுற்றித்தான். தென்னாப்பிரிக்கக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம், எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சாஸ்ரி, 1925 முதல் மவுன்ட் எட்ஜ்கோமில் இயங்குகிறது. அதன் உரப் பரிந்துரைச் சேவை 1950களில் தொடங்கியது. நிறுவனத்தின் செலவைத் தாங்குவது கரும்புத் தொழில்தான்; விவசாயியும் ஆலையும் தொழிலுக்குக் கட்டும் பணத்தில்தான் நிறுவனம் ஓடுகிறது. நீங்கள் ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர் என்றால் இந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பயன்படுத்தாமல் விடுவது நஷ்டம்.

கரும்புக்கு இதைவிட நல்ல பரிந்துரை இந்த நாட்டில் கிடைக்காது. பல பத்தாண்டுகள் வயல் சோதனை செய்து, எந்த மண்ணில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் விளைச்சல் குறைகிறது என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். பெரியா செம்மணல், கடலோரச் சாம்பல் மணல், மணற்பாறையிலிருந்து உண்டான அமில மண் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. உரக்கடைப் பிரதிநிதி தரும் "எல்லாருக்கும் ஒரே மூட்டை" யோசனையோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆனால் கொடுக்கும் மண் சரியாக இருந்தால்தான் திரும்பி வரும் தாளும் சரியாக இருக்கும்.

மண் எடுப்பது

ஒரு வயலுக்கு இருபதுக்குக் குறையாத இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ஆழம் 20 சென்டிமீட்டர், எல்லா இடத்திலும் அதே ஆழம். மண்வெட்டியால் எடுப்பவர்கள் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; அப்போது மேல்மண் அதிகம் சேர்ந்து, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். குழாய் மாதிரி உள்ள மண் துளைக்கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் குழி தோண்டி, அதன் செங்குத்துச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் ஒரு பட்டையைச் சீவி எடுங்கள்.

எடுக்கக் கூடாத இடங்கள்: சோகை (காய்ந்த கரும்பிலை) குவித்து எரித்த சாம்பல் திட்டு, கரும்பு அடுக்கி ஏற்றிய இடம், வரப்போரம், மாடு கட்டிய இடம், போன வருடம் உரம் கோடாகப் போட்ட வரிசையின் நடு. ஆலைச் சேறு கொட்டிய வயலைத் தனி மாதிரியாக எடுக்க வேண்டும். அதில் மணிச்சத்து எக்கச்சக்கமாக இருக்கும்; ஒரு கூடை கலந்தால் பக்கத்து வயலின் பற்றாக்குறை மறைந்துபோகும். மேடும் பள்ளமும் வேறு மண் என்றால் அதையும் பிரித்துவிடுங்கள்.

வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் கலந்த மண்ணில் துத்தநாகம் உயர்ந்து தெரியும். பற்றாக்குறை இருக்கிற வயலுக்கும் "போதும்" என்று பதில் வரும். பழைய உர மூட்டையில் மண்ணைக் கொண்டுபோகிறவர்களுக்கு என்ன சொல்வது! கைப்பிடி யூரியா ஒட்டியிருந்தாலே முடிந்தது கதை. ஈரமாக இருந்தால் சுத்தமான காகிதத்தில் நிழலில் பரப்பி உலர்த்துங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம். நன்றாகக் கலந்து அரை கிலோ போதும். பையின் மேல் வயல் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து 3 எது 8 எது என்று தெரியாமல் போகும்.

வேரைத் தாக்கும் நூற்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் இதே மண்ணைக் கொடுக்காதீர்கள். அதற்கு எல்லாமே நேர்மாறு: உலர்த்தக் கூடாது, வேரோடு சேர்த்து எடுக்க வேண்டும், பையைக் கட்டி வெயில் படாமல் வைத்து உடனே கொண்டுபோக வேண்டும். பக்கி என்கிற சிறு சரக்கு வண்டியின் டாஷ்போர்டில் ஒரு மதியம் கிடந்த பையில் உயிரோடு எதுவும் இருக்காது. "புழு இல்லை" என்று பதில் வரும், அதை நம்பி மணல் நிலத்தில் கத்தரி நடுவீர்கள்.

இலை எடுப்பது

சிறு விவசாயிகள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். மண் பரிசோதனை வயலில் என்ன இருக்கிறது என்று சொல்லும். கரும்பு அதை எடுத்துக்கொண்டதா என்பதை இலைதான் சொல்லும். மண்ணில் சாம்பல்சத்து இருந்தும் வேர் கெட்டுப்போயிருந்தால் இலையில் இருக்காது.

கடற்கரைப் பகுதியில் வேகமாக வளரும் மழைக்காலத்தில், கரும்பு மூன்று முதல் ஐந்து மாத வயதில் இருக்கும்போது எடுப்பது வழக்கம். உரம் போட்டு ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். வறட்சியில் இலை சுருண்டிருக்கும்போது எடுத்தால் எண்கள் தவறாகத்தான் வரும்.

குருத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் விரிந்த முதல் இலையை ஒன்று என்று எண்ணி, கீழே மூன்றாவது இலையைக் கிள்ளுங்கள். வயல் முழுக்க நடந்து நாற்பது இலை, ஒரு குத்துக்கு ஒன்று. காலையிலேயே முடித்துவிட வேண்டும். கட்டாகச் சேர்த்து, நுனியையும் அடியையும் வெட்டித் தள்ளி, நடுவில் 30 சென்டிமீட்டர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டிலும் நடு நரம்பைக் கிழித்து எடுக்க வேண்டும்: நுனிப் பக்கம் இலையை மடித்து, நரம்பின் இரண்டு பக்கமும் விரலால் பிடித்து இழுத்தால் வெள்ளைக் குச்சி தனியாக வந்துவிடும், கையில் இரண்டு பச்சை நாடா மிஞ்சும். நாற்பது இலைக்கு அரை மணி நேரம் ஆகும், விரலில் கீறலும் விழும். சோம்பல்பட்டு நரம்போடு கொடுத்தால் எண்கள் ஒப்பிட முடியாதவை ஆகிவிடும், ஏனென்றால் ஆய்வகத்தின் வரம்புகள் எல்லாம் நரம்பு நீக்கிய இலைக்கு வைத்தவை.

அந்த வரம்புகளில் மனத்தில் வைத்துக்கொள்ள மூன்று: மணிச்சத்து 0.19 சதவீதம், சாம்பல்சத்து 1.05, மக்னீசியம் 0.08. இவற்றுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. தழைச்சத்தின் (நைட்ரஜன்) வரம்பு மாதத்துக்கும் வட்டாரத்துக்கும் மாறும். அதைத் தாளில் அவர்களே குறித்துத் தருவார்கள், பழைய தாளைப் பார்த்து நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

தாளைப் படிப்பது: தமிழ்நாட்டுக் கணக்கு இங்கே செல்லாது

இது நம்மவர்களுக்கு மட்டுமே உள்ள பிரச்சினை, ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகளில் எழுதியிருக்காது. தமிழில் விவசாயக் காணொளி பார்ப்பவர்கள் அங்கே சொல்லும் அளவை இங்கே பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஆக்சைடு கணக்கில், அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்த எடையாக, சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மூட்டையிலும் பரிந்துரையிலும் தனிமக் கணக்கு, அதாவது சத்தின் எடை மட்டும். அங்கே 100 கிலோ மணிச்சத்து என்றால் இங்கே 44 கிலோ. அங்கே 100 கிலோ சாம்பல்சத்து என்றால் இங்கே 83. அங்கே 60 சதவீதம் என்று விற்கும் பொட்டாஷ்தான் இங்கே 50 சதவீதம் என்று வருகிறது. பொருள் ஒன்றே, தரம் குறையவில்லை.

தழைச்சத்தில் இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் வேறு ஆபத்து உண்டு. தமிழ்நாட்டில் பாசனக் கரும்புக்கு ஹெக்டேருக்கு 250 கிலோவுக்கு மேல் சொல்வார்கள். இங்கே மழையை நம்பிய கடலோரக் கரும்புக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. காசு போவது ஒரு பக்கம், அளவு மீறிய தழைச்சத்து கரும்பின் கழியைக் குடையும் எல்டானா துளைப்பான் புழுவுக்கு விருந்து. சாஸ்ரி மண்ணை அதன் இயற்கைத் தழைச்சத்து வெளியீட்டின்படி நான்கு வகையாகப் பிரிக்கிறது: கறுத்த, மக்கு நிறைந்த மண் தானே நிறையக் கொடுக்கும், அதற்கு மூட்டை குறைவு, வெளுத்த மணலுக்கு அதிகம். ஒரே தோட்டத்தில் இரண்டு வயலுக்கு 40 கிலோ வித்தியாசம் வந்தால் தவறு என்று நினைத்துச் சராசரி போடாதீர்கள்.

மூட்டைக் கணக்கு. கட்டைக் கரும்புக்கு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்தும் அதே அளவு சாம்பல்சத்தும் என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் 1:0:1 (47) கலவை இருக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் 47 மொத்தச் சத்தின் சதவீதம். பாதி தழை, பாதி சாம்பல், அதாவது தலா 23.5. ஐம்பது கிலோ மூட்டையில் தழைச்சத்து 11.75 கிலோ. 120ஐ 11.75ஆல் வகுத்தால் பத்தேகால் மூட்டை, கிட்டத்தட்ட 510 கிலோ. இன்னும் ஏக்கரில் பேசுகிற பெரியவர்களுக்கு: ஏக்கருக்கு நாலு மூட்டை கொஞ்சம் மேலே. ஹெக்டேர் கணக்கை ஏக்கருக்கு என்று நினைத்துப் போட்டால் இரண்டரை மடங்கு போய்விடும், இது நடக்கிற தவறுதான்.

வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர் என்றால் ஹெக்டேரில் 8,333 மீட்டர் வரிசை. 510 கிலோவை அதில் பரப்பினால் மீட்டருக்கு 61 கிராம். காலி பில்ச்சர்ட் மீன் டப்பாவில் உரத்தை நிரப்பிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 400 கிராம் பிடித்தால் ஒரு டப்பா ஆறரை மீட்டருக்கு. குச்சி நட்டு அந்தத் தூரத்தைக் காட்டிவிட்டால் உரம் போட வரும் ஆட்களுக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

யூரியா கலந்த உரத்தைச் சோகை மூடிய வயலில் தூவி, நாலு நாள் மழையும் இல்லாமல் போனால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும். லான் என்று விற்கும், 28 சதவீதம் தழைச்சத்து உள்ள சுண்ணாம்பு அம்மோனியம் நைட்ரேட் உரத்தில் இந்த இழப்பு குறைவு, விலை கூடுதல். மழை நிச்சயம் என்றால் யூரியா, வானம் ஏமாற்றும் என்றால் லான், அல்லது சோகையை ஒதுக்கி மண்ணில் விழும்படி போடுங்கள்.

சுண்ணாம்பும் அந்தக் கட்டமும்

அமில மண்ணில் பயிரைக் கெடுப்பது பெரும்பாலும் கரைந்து நிற்கும் அலுமினியம். அது வேர்நுனியைச் சுடும். தாளில் இதை அமிலச் செறிவு என்று சதவீதமாகப் பார்க்கலாம்: மண் பிடித்து வைத்திருக்கும் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அமிலம் எல்லாம் சேர்த்த மொத்தத்தில் அமிலத்தின் பங்கு.

கரும்பு இதற்கு முரட்டுப் பயிர். 20 சதவீதம் வரை தாங்கும். பீன்ஸ் 5க்குப் பக்கத்திலேயே தடுமாறும். முட்டைக்கோஸுக்கு 1 தாண்டக் கூடாது. இப்போது 15 சதவீதம் உள்ள ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு என்று எழுதினால் "சுண்ணாம்பு: 0". பீன்ஸ் என்று எழுதியிருந்தால் டன் கணக்கில் வந்திருக்கும். மண் அதே மண்தான்.

பரிந்துரை வந்தால் சின்னத் தோட்டத்துக்கு மாற்றுவது சுலபம்: ஹெக்டேருக்கு 1 டன் என்பது சதுர மீட்டருக்கு 100 கிராம். 3 டன் என்றால் பத்துக்குப் பத்து மீட்டர் பாத்திக்கு 30 கிலோ. மக்னீசியம் குறைவென்றால் டோலமைட் சுண்ணாம்பு, போதுமானதென்றால் சாதாரணச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்காது. மேலே தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பது வீண். 20 சென்டிமீட்டர் வரை கலந்து உழ வேண்டும், விதைப்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே. "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே" என்று மணல் நிலத்தில் அள்ளிப் போட்டால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

கரும்பு நிலத்தில் பீன்ஸ் மஞ்சளாகிறது என்றால் அமிலம் மட்டும்தான் காரணம் என்றும் எண்ண வேண்டாம். செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் குட்டையாய், தடித்துப் பழுப்பாய், சிறு வேர் இல்லாமல் இருந்தால் அமிலம். வேர் நன்றாக இருந்து, செடி முழுக்க வெளுத்து அடி இலை முதலில் மஞ்சளானால், உழுது போட்ட கரும்புக் கட்டையும் சோகையும் மக்கும்போது தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன; கொஞ்சம் லான் போட்டால் பத்து நாளில் தெளியும். முளைத்தபோது பச்சையாக இருந்து, பிறகு இலை ஓரமும் நரம்பிடையும் மஞ்சளாகிக் கருகினால், அது பழைய களைக்கொல்லி. டையூரான், ஹெக்சசினோன் போன்றவை கரும்பில் போட்டு மாதக்கணக்கில் மண்ணில் நிற்கும். எந்த உரப் பரிசோதனையும் இதைக் காட்டாது.

அதற்குச் சோதனை வீட்டிலேயே: அந்த வயல் மண்ணில் நாலு தொட்டி, களைக்கொல்லி படாத வீட்டுத் தோட்ட மண்ணில் நாலு தொட்டி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். வயல் மண்ணில் மட்டும் கருகினால் அந்த வருடம் காய்கறி வேண்டாம்.

ஆலை நின்றால் ஆலோசனை என்ன ஆகிறது

சாஸ்ரியின் இன்னொரு கை, வயலுக்கு வந்து ஆலோசனை சொல்லும் வட்டார விரிவாக்க அலுவலர்கள். சிறு விவசாயிகளுக்கு மாகாண வேளாண் துறையோடு கூட்டாகவும் நடக்கிறது. கிராமப் பொருளாதாரம் மாறும்போது இந்த ஆலோசனை எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதற்கு எல்டானாதான் நல்ல உதாரணம்.

எல்டானா இந்த மண்ணின் பூச்சி, ஈர நிலக் கோரைகளில் வாழ்ந்தது; 1970களில் கரும்பில் பெரும் தொல்லையானது. வயது ஏறிய, வறட்சியில் வாடிய கரும்பைத்தான் அது தேடும். அதனால் கடற்கரையில் வெட்டும் வயதை 12 முதல் 14 மாதமாகக் குறைக்கச் சொன்னார்கள். நல்ல யோசனை, ஆலை ஓடும்வரை. 2020இல் டார்னல் ஆலை மூடப்பட்டது. 2021 ஜூலைக் கலவரத்தில் வயல்கள் எரிந்தன. 2022 ஏப்ரலில் வெள்ளம். அதே வருடம் அக்டோபரில் டோங்காட் ஹியூலட் என்ற சர்க்கரை ஆலை நிறுவனம், நொடித்த நிறுவனத்தைக் காப்பாற்றும் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது. இதற்கெல்லாம் முன்பே 2018 முதல் குளிர்பானங்களுக்குச் சர்க்கரை வரி. ஆலை எடுக்காத கரும்பு அடுத்த வருடத்துக்கு நிற்கும், நின்ற கரும்பில் துளைப்பான் பெருகும். "14 மாதத்தில் வெட்டுங்கள்" என்ற பழைய வாக்கியம் அப்போது உதவாது. எந்த வயலை முதலில் அனுப்புவது என்பதுதான் கேள்வியாகிறது.

இதற்குப் பதில் வயலில் எண்ணிப் பார்ப்பதில் கிடைக்கும். பல இடங்களிலிருந்து மொத்தம் நூறு கழியை அடியோடு வெட்டி, நீளவாக்கில் பிளந்து, துளைபட்ட கணுவிடைகளையும் புழுக்களையும் எண்ண வேண்டும். துளையைச் சுற்றி உள்ளே சிவந்திருக்கும், வெளியே மரத்தூள் மாதிரி கழிவு தள்ளியிருக்கும். புழு கறுப்புச் சாம்பல் நிறம். குச்சியால் தொட்டால் துள்ளிப் பின்பக்கமாக ஓடும். அதிகம் உள்ள வயல், வயதான வயல், மேட்டு மணல் வயல் என்ற வரிசையில் முதலில் வெட்டுங்கள். தாழ வெட்டி, அடித்துண்டுகளை வயலில் விடாதீர்கள். புழு அதில்தான் தங்கும். அடுத்த வருடமும் நிற்கப் போகிறது என்று தெரிந்த வயலுக்குத் தழைச்சத்தைக் குறைத்துப் போடுங்கள். ஆலை தடுமாறும் வருடத்தில் கேட்க வேண்டிய ஆலோசனை இது.

காசுக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் கரும்புக்கு எடை மட்டும் பார்த்துக் காசு இல்லை. சர்க்கரையிலிருந்து, சர்க்கரையல்லாத கரைபொருளுக்கும் நாருக்கும் கழித்து மிஞ்சும் மீட்புமதிப்புக்குத்தான் விலை. துளைபட்ட கரும்பில் சர்க்கரை குறையும், மற்ற இரண்டும் ஏறும், ஆகவே மூன்று பக்கமும் வெட்டு. எரித்து வெட்டிய கரும்பு லாரிக்குக் காத்துக் கிடந்தாலும் இதே கதை, நாளுக்கு நாள் விழும்.

நேரில் வரும் அலுவலர் நல்ல அலுவலர் என்றால் இதையெல்லாம் வயலில் நின்றே காட்டுவார். ஆனால் கவனம்: பூச்சி, நோய், ரகக் கட்டுப்பாட்டுக் குழு என்பது தனி. அவர்கள் ஆலோசகர்கள் இல்லை, கரிப்பூட்டை மாதிரி நோய் கண்டால் வயலை உழுது போடச் சொல்ல அதிகாரம் உள்ளவர்கள். அங்கீகாரம் இல்லாத ரகத்தை நடக் கூடாது என்பதும் சட்டம். கரணையை யாரோ தெரிந்தவரிடம் இலவசமாக வாங்கி நடுவது இங்கே மிகப் பெரிய சிக்கனப் பிழை: கட்டைக் குட்டை நோய் வெளியே தெரியாது, கத்தி வழியாகப் பரவும். 50 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைத்த நாற்றங்கால் கரணைக்குக் காசு கொடுங்கள்.

காய்கறிக்கு எங்கே போவது

கரும்பல்லாத பயிர் என்றால், மண்ணை ஒப்படைக்கும் முன்பே அதற்குப் பரிந்துரை கிடைக்குமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மாகாண வேளாண் துறையின் சீடாரா ஆய்வகம். முட்டைக்கோஸ், பீன்ஸ், மக்காச்சோளம், உருளை என்று பயிர்வாரியாக அமில வரம்பு வைத்து உரமும் சுண்ணாம்பும் கணக்கிட்டுத் தருவார்கள். காய்கறிக்கு முதல் தேர்வு அதுதான்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து "அங்கே 12, இங்கே 30, யார் சொல்வது சரி?" என்று கேட்க வேண்டாம். சீடாராவில் ஆம்பிக் என்ற கரைசலால் சத்தைப் பிரிக்கிறார்கள், அளவு லிட்டர் மண்ணுக்கு. சாஸ்ரி நெடுங்காலம் மணிச்சத்துக்குப் பயன்படுத்தியது ட்ரூவோக் முறை. கரைசல் மாறினால் எண் மாறும். ஒவ்வொரு எண்ணையும் அந்தந்த ஆய்வகத்தின் வரம்போடு மட்டுமே பாருங்கள்.

பூச்சி விஷயத்தில் காய்கறிக்காரர்களுக்கு மண் ஆய்வகம் எதுவும் போதாது. தக்காளி இலைத்துளைப்பான் டூட்டா 2016இல் இந்த நாட்டுக்குள் வந்தது, மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு 2017இல். இதற்கு மருந்துக்கடை யோசனைதான் பலருக்கும் கைக்கெட்டுவது. அது இலவசம், ஏனென்றால் விலை மருந்துக்குள் இருக்கிறது. கடைக்காரர் சொன்னாலும் லேபிளில் மூன்றைப் பாருங்கள்: 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி எல் (L) என்று தொடங்கும் பதிவு எண், உங்கள் பயிரின் பெயர், கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்பது. கரும்புக்குப் பதிவான மருந்தில் கொத்தமல்லி என்ற சொல் இருக்காது. லேபிளில் பெயர் இல்லாத பயிரில் தெளிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை சந்தைக்காக வியாழக்கிழமை தெளிப்பது அதைவிட மோசம்.

தமிழில் இயங்கும் கைப்பேசிச் செயலிகள் இலைப் படத்தைப் பார்த்து நோய் சொல்கின்றன. நோயின் பெயரைத் தமிழில் தெரிந்துகொள்ள உதவும். அது சொல்லும் மருந்து இந்தியாவில் பதிவானதாக இருக்கலாம், இங்கே கடையில் அதே பெயரில் வேறு செறிவில் இருக்கலாம். அளவைச் செயலியிலிருந்து எடுக்காதீர்கள், லேபிளிலிருந்து எடுங்கள்.

மக்கடேமியா பற்றி ஒரே பத்தி, ஏனென்றால் அரை ஏக்கர்க்காரர்களுக்கு அது ஒத்துவராது. எட்டுக்கு நாலு மீட்டரில் ஹெக்டேருக்கு 312 மரம், சொல்லிக்கொள்கிற மாதிரிக் காய்க்க ஐந்து ஆறு வருடம், நீர் தேங்கினால் வேரழுகல். 2022க்குப் பிறகு விலை சரிந்ததில் கடன் வாங்கி நட்டவர்கள் திணறினார்கள். அதற்குத் தனி உற்பத்தியாளர் சங்கமும் தனி இலை வரம்புகளும் உண்டு. கரும்புத் தாளை வைத்து மரத்துக்கு உரம் போட முடியாது.

குறை என்று சொன்னால்

மொழி. சாஸ்ரியில் ஆங்கிலமும் சூலுவும் கிடைக்கின்றன. தமிழில் எதுவும் வராது, எதிர்பார்ப்பதும் நியாயமில்லை, ஆனால் வீட்டில் தாளைப் படிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் மேல்தான் விழுகிறது. தழை, மணி, சாம்பல் எந்த ஆங்கில எழுத்து என்று தாளின் ஓரத்தில் ஒருமுறை எழுதி ஒட்டிவைத்தால் அந்தச் சிக்கல் தீரும்.

விலை பற்றி எந்தத் தாளும் பேசாது. ஒரு ஹெக்டேர் கத்தரிக்கு என்ன உரம் என்று சொல்வார்கள், டர்பன் சந்தையில் எல்லோரும் ஒரே வாரத்தில் கத்தரி இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல மாட்டார்கள். கரும்பில் பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி: ஆலை ஓடும்வரை கரும்பை அது வாங்குவது உறுதி, விலைக் கணக்கு எல்லோருக்கும் ஒன்று. காய்கறியில் பெட்டி விலையிலிருந்து முகவருக்கும் சந்தைக்கும் கழிவு போய், வண்டி வாடகையும் போய் மிஞ்சுவதுதான். அந்த மிச்சத்தை வைத்துத்தான் எத்தனை மூட்டை உரம் வாங்கலாம் என்று பார்க்க வேண்டும், பரிந்துரை அளவு முழுதும் போடக் கட்டாயம் இல்லை. குறைக்க வேண்டியிருந்தால் சுண்ணாம்பைக் குறைக்காதீர்கள். அமில மண்ணில் மற்ற மூட்டையெல்லாம் வீணாகும்.

மூன்றாவது குறை படிவத்தைப் பற்றி. லா மெர்சியில் 2010இல் விமான நிலையம் வந்தது முதல் வடக்குக் கரையில் கரும்பு நிலம் வீடாகவும் கிடங்காகவும் மாறுவதைப் பார்க்கிறோம். மிஞ்சும் துண்டு நிலங்களில் கரும்பு ஒரு வருடம், காய்கறி அடுத்த வருடம் என்று மாறி மாறி நடக்கிறது. எந்த ஆய்வகப் படிவமாக இருந்தாலும் "இப்போதைய பயிர்" பக்கத்தில் "அடுத்த பயிர்" என்று பெரிய எழுத்தில் ஒரு கட்டம் வேண்டும். அது வரும்வரை படிவத்தின் கீழே கையால் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: இது கடைசிக் கட்டைக் கரும்பு, ஆகஸ்டில் பீன்ஸ், சுண்ணாம்பு பீன்ஸுக்குத்தான் வேண்டும்.